சிற்றாறு எங்கே போகிறது? - புவியியல் வகுப்பு சொந்த ஊரிலிருந்து தொடங்கட்டும்

திருநெல்வேலியிலிருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கங்கைகொண்டான். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் புள்ளிமான் சரணாலயம், ஊரை ஒட்டிச் சிற்றாறு. இந்தப் பக்கத்தில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் சோட்டா நாக்பூர் பீடபூமியைக் குறிக்கச் சொன்னால், இந்திய வரைபடத்தில் டக்கென்று குறித்துவிடும். 'உங்க ஊர் ஆத்துத் தண்ணி எங்கலே போயிச் சேருது?' என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கும். 'கடலுக்கு சார்' என்று சொல்லும். எந்த ஊரில், எந்த ஆற்றோடு சேர்ந்து, எந்தக் கடலுக்கு என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

இதைப் பிள்ளைகளின் குறையாகச் சொல்ல முடியாது. பரீட்சையில் சோட்டா நாக்பூருக்கு மார்க் உண்டு, சிற்றாற்றுக்குக் கிடையாது. வகுப்பறைச் சுவரில் இந்திய வரைபடமும் உலக வரைபடமும் தொங்குகின்றன. கங்கைகொண்டானின் வரைபடம் அங்கே இல்லை. தமிழ்நாட்டின் மற்ற ஊர்ப் பள்ளிகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

புவியியலைத் தொழில்நுட்பத்தோடு நடத்த வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அது நல்ல பேச்சுதான். ஆனால், எந்தத் திரையைச் சுவரில் மாட்டுவது என்பதற்கு முன்னால், அந்தத் திரையில் எந்த இடத்தைக் காட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

திரை வந்தது, வரைபடம் வந்ததா?

கடந்த சில ஆண்டுகளில் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு வந்த கருவிகள் குறைவில்லை. 2018-19 கல்வியாண்டில் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் குறியீடுகள் இருந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கரோனா காலத்தில் பல வீடுகளில் அதுதான் வகுப்பறையாக இருந்தது. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. அடுத்து, தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டம் வந்தது.

கருவி வந்த வேகத்தில் பாடம் மாறியதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். முன்பு ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த எரிமலையின் குறுக்குவெட்டுப் படம் இப்போது திரையில் வண்ணத்தில் ஓடுகிறது. பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து பார்ப்பார்கள். பீரியட் முடிந்து மணி அடித்ததும் எழுந்து போவார்கள். கையில் பென்சில் எடுத்து எதையும் அளக்கவில்லை, ஒப்பிடவில்லை, 'இது ஏன் இங்கே இருக்கு?' என்று கேட்கவுமில்லை. புவியியல் என்ற பாடமே அந்த 'ஏன் இங்கே?' என்ற கேள்விதான். அது இல்லாவிட்டால் புவியியல் வெறும் பெயர்ப் பட்டியல். பெயர்ப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதினாலும் ஒன்றுதான், தொடுதிரையில் காட்டினாலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. சுவரில் தொங்கும் வரைபடங்களில் பல பழையவை. திருநெல்வேலி மாவட்டம் 1986-ல் ஒரு முறையும், தென்காசி தனியானபோது 2019 நவம்பரில் இன்னொரு முறையும் பிரிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று 38 மாவட்டங்கள். பழைய வரைபடத்தில் குற்றாலமும் கங்கைகொண்டானும் ஒரே மாவட்டம். ஆறு மட்டும் மாறவில்லை. குற்றால மலையில் பிறந்து, மாவட்ட எல்லையைக் கவலைப்படாமல் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய படத்தைத் தூக்கிப் போடத் தேவையில்லை. புதிய படத்தையும் பக்கத்தில் மாட்டி, 'எது மாறியிருக்கு, எது மாறலை?' என்று கேட்டால் மனிதர் போட்ட எல்லைக்கும் இயற்கையின் எல்லைக்கும் உள்ள வித்தியாசம் ஒரே பீரியடில் புரிந்துவிடும்.

அளவு என்கிற சிக்கல்

சுவரில் மாட்டும் இந்திய வரைபடம் 40 லட்சத்தில் ஒன்று என்ற அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது, படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 40 கிலோமீட்டர். கங்கைகொண்டானுக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள 15 கிலோமீட்டர் அதில் நான்கு மில்லிமீட்டர்கூட வராது. பிள்ளை தினமும் பஸ்ஸில் போகும் தூரம், நடந்து போகும் வயல், குளிக்கும் ஆறு எல்லாமே ஒரு பேனா முனைக்குள் மறைந்துபோகும். தன் ஊரே தெரியாத வரைபடத்தை ஒரு பிள்ளை எப்படித் தன்னுடையதாக நினைக்கும்?

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு நிலவரைபடத்தில் கதையே வேறு. அதில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். அதே 15 கிலோமீட்டர் அங்கே 30 சென்டிமீட்டர், பிள்ளையின் ஸ்கேல் நீளம். குளம், கால்வாய், வண்டிப்பாதை, கோயில், கிணறு எல்லாம் அதில் இருக்கும். 20 மீட்டருக்கு ஒன்றாகச் சமவுயரக் கோடுகள் இருக்கும். நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சமதளம். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பாடநூலில் சமவுயரக் கோடு பற்றிய வரையறை உண்டு. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். ஆனால், தன் ஊரின் சமவுயரக் கோட்டைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? நீச்சல் என்றால் என்ன என்று எழுதி முழு மார்க் வாங்கிவிட்டு, ஆற்றில் கால் வைக்காமல் இருப்பது போலத்தான் இது.

ஓர் ஆறு, ஒரு முழுப் பாடநூல்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கைப் போல வகுப்பறைக்கு வசதியான இடம் கிடைப்பது அரிது. பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. மேலே மழைக்காடு, நடுவே வயல், கீழே கடற்கரை, இடையிடையே தேரி என்ற செம்மணல் மேடு. தமிழ் வகுப்பில் படிக்கிற குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் வந்துவிடும்.

சிற்றாற்றை எடுத்துக்கொள்வோம். குற்றாலம் பக்கத்து மலைகளில் தொடங்கி, தென்காசி மாவட்டத்தைக் கடந்து, கங்கைகொண்டான் வழியாக வந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. முதல் கேள்விக்கான பதில் இதுதான். தமிழ் வகுப்பில் முக்கூடற்பள்ளு என்ற பெயரைக் கேட்கும் பிள்ளைகள், அந்த முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம்தான் என்று தெரிந்துகொண்டால் இரண்டு பாடமும் ஒன்றாகிவிடும். இதில் ஒரு குழப்பமும் உண்டு. சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றின் மேல்பகுதியில் முக்கூடல் என்ற பெயரிலேயே இன்னொரு ஊர் இருக்கிறது. செல்போன் வரைபடத்தில் 'முக்கூடல்' என்று தேடினால் அந்த ஊருக்குத்தான் வழி காட்டும். பெயரை மட்டும் நம்பினால் தவறான இடத்துக்குப் போவோம், சேர்ந்து ஓடும் ஆறுகளைப் பார்த்தால் சரியான இடத்துக்குப் போவோம். வரைபடம் படிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்காது.

அடுத்தது காற்று. ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல். அங்கிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் கங்கைகொண்டானில் மழை கிடையாது, காற்று மட்டும் ஆளைத் தள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுக்கிறது. செங்கோட்டைப் பக்கத்துக் கணவாய் காற்றை விடுகிறது. அதனால்தான் பக்கத்துக் கயத்தாறில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் அங்கேதான் இருக்கிறது. மழை மறைவுப் பகுதி என்பதைப் பாடநூலில் வேறு மாநிலத்து உதாரணத்தோடு படிக்கும் பிள்ளை, அந்த மறைவுக்குள்தான் தன் வீடும் இருக்கிறது என்று அறியாமல் போவது வருத்தமான விஷயம்.

அதற்கடுத்து மண். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. தெற்கே வந்தால் காரும் பிசானமும் விளையும் ஆற்றுப் பாசன வயல். எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், கால்வாய் நிரப்பும் குளங்கள் என்று சுமார் 86,000 ஏக்கர் பாசனம். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை அந்த எட்டையும் வரிசையாக வரைபடத்தில் குறித்தாலே மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீரை எப்படிப் பங்கு போட்டார்கள் என்பது விளங்கும்.

கடைசியாகக் கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் என்று வரலாற்றுப் பாடம் சொல்கிறது. இன்று அந்த ஊர் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. துறைமுகம் எப்படி வயலுக்குள் போனது? ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடற்கரையை நகர்த்தியது. செயற்கைக்கோள் படத்தில் புன்னைக்காயல் முகத்துவாரத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், ஆறு இன்றும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் திரை தேவை. கரும்பலகையால் இதைக் காட்ட முடியாது.

குச்சியும் ஒரு கருவிதான்

தொழில்நுட்பம் என்றதும் மின்சாரம், இணையம், புரொஜெக்டர் மட்டும் நினைவுக்கு வருகின்றன. மூன்றடிக் குச்சி ஒன்று போதும் என்கிற பாடங்களும் உண்டு.

கங்கைகொண்டான் 9 டிகிரி வட அட்சக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அதனால் ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்: ஏப்ரல் 12-ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு நாள். அன்று நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. பள்ளி மைதானத்தில் குச்சியை நட்டு, 12 மணிக்குப் பிள்ளைகளை நிற்கவைத்தால், நிழல் இன்னும் கொஞ்சம் இருக்கும். 'என்ன சார், பன்னெண்டு ஆயிட்டே?' என்று கேட்பார்கள். 12 மணி 19 நிமிட வாக்கில்தான் நிழல் மறையும். ஏன்? இந்தியாவின் கடிகார நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கங்கைகொண்டான் அதற்கு ஐந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவான தூரம் மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். கணக்குப் போட்டால் அந்த 19 நிமிடம் வந்துவிடும். தீர்க்கக்கோடு, திட்ட நேரம் என்று பாடநூலில் உலர்ந்து கிடக்கும் இரண்டு சொற்களுக்கு உயிர் வரும்.

இதோடு செல்போனையும் சேர்க்கலாம். அதே நாளில் சென்னையில் இருக்கும் ஒரு பள்ளியிலும் நண்பகல் நிழலை அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும். இரண்டு ஊர்களுக்கும் அட்சத்தில் நான்கு டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம். வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 470 கிலோமீட்டர். இதை வைத்துப் பூமியின் சுற்றளவையே பிள்ளைகள் கணக்கிட்டுவிடலாம். 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த வழிதான் இது. ஆகஸ்ட் கடைசி நாளில் செய்தால் பள்ளியும் திறந்திருக்கும். வானம் மூடிவிட்டால் மறுநாள் அளக்கலாம்.

2023 டிசம்பர் கேட்ட கேள்வி

இதெல்லாம் ஆர்வமுள்ள ஆசிரியர்களுக்கான பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டனர். திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி தண்ணீரில் நின்றது. ஆற்றங்கரை ஊர்கள் பல துண்டிக்கப்பட்டன.

அன்றிரவு பல வீடுகளில் எழுந்த கேள்வி, புவியியல் பாடத்தின் கேள்வி. 'தண்ணி நம்ம தெருவுக்கு வருமா? வந்தா எந்தப் பக்கமா வரும்? எங்க போனா மேடு?' குளம் உடைந்தால் அடுத்து எந்த ஊர், ஆற்றில் இவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டால் எத்தனை மணி நேரத்தில் நம் பாலத்துக்கு வரும் என்பதற்கெல்லாம் பதில் சமவுயரக் கோட்டிலும் கால்வாய் வரைபடத்திலும் இருக்கிறது. வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தும் அந்தப் பதிலைச் சொல்ல யாரும் இல்லை என்றால், பத்து ஆண்டு புவியியல் படிப்பு எதற்கு?

பதிலில் ஒரு பகுதி ஆச்சிகளிடமும் தாத்தாக்களிடமும் இருந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் எந்தக் கோயில் படி வரை வந்தது என்று தெரியும். அதை ஒரு வகுப்பு கேட்டு எழுதலாம். தெருவுக்குத் தெரு 1992-ல் எவ்வளவு, 2023-ல் எவ்வளவு என்று சுவரில் உள்ள தடத்தை அளந்து, ஊர் வரைபடத்தில் இரண்டு நிறத்தில் குறித்தால், அது பஞ்சாயத்து அலுவலகத்தில் மாட்டிவைக்கத் தகுந்த ஆவணம். அதைப் பிள்ளைகளே செய்ய முடியும்.

வெள்ளத்தோடு சேர்ந்து வருவது வதந்தி. வேறு மாநிலத்தில், வேறு ஆண்டில் எடுத்த வீடியோ ஒன்று, 'அணை உடைஞ்சிட்டு, எல்லாரும் ஓடுங்க' என்ற குரலோடு குடும்ப குரூப்பில் வந்து விழும். அதைச் சரிபார்ப்பதும் புவியியல்தான். பின்னால் தெரியும் மலை எந்தத் திசையில் இருக்கிறது? பாலத்துக்கு எத்தனை தூண்? கடைப் பலகையில் என்ன மொழி? மரம் பனையா, பாக்கா? செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் அப்படித்தான் இருக்கிறதா? சமூக ஊடகத்தை வகுப்புக்கு வெளியே நிறுத்த முடியாது என்ற நிலையில், அதை உள்ளே கொண்டுவந்து இப்படிக் கேள்வி கேட்கப் பழக்குவதே நல்லது. ஊடகத்தைப் பயன்படுத்திக் கற்பிப்பது என்பதற்கு வீடியோ போட்டுக் காட்டுவது என்று மட்டும் அர்த்தமில்லை, வீடியோவைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பதும்தான்.

வரைபடம் யார் கையில்?

வரைபடம் எப்போதும் அதிகாரத்தோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. இந்திய நில அளவைத் துறை 1767-ல் தொடங்கியது. வில்லியம் லாம்ப்டன் 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே அளவுக்கோடு போட்டுத் தொடங்கிய பெரும் முக்கோண அளவீடு, பிற்பாடு இமயம் வரை போனது. வரி வசூலுக்கும் படை நகர்வுக்கும் நிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அன்றைய ஆட்சியின் தேவை. சுதந்திரத்துக்குப் பிறகும், கடற்கரைப் பகுதிகளின் விரிவான வரைபடங்கள் பாதுகாப்புக் காரணத்தால் நீண்ட காலம் பொதுமக்கள் கைக்கு எளிதில் கிடைக்கவில்லை. 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கையும், 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு வழிகாட்டுதல்களும் அந்தக் கதவைப் படிப்படியாகத் திறந்தன. இன்று பொது வரிசை வரைபடங்களை நில அளவைத் துறையின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். இஸ்ரோ 2009-ல் தொடங்கிய 'புவன்' தளத்தில் செயற்கைக்கோள் படம் இருக்கிறது. பள்ளிகளுக்கென்றே 'ஸ்கூல் புவன்' என்ற பிரிவும் இருக்கிறது. கதவு திறந்தபின்னும் வகுப்பறை உள்ளே போகவில்லை என்பதுதான் இன்றைய நிலை.

வீட்டிலும் வரைபடம் இருக்கிறது. பட்டாவோடு வரும் புலப்படத்தில் சர்வே எண், எல்லை அளவு எல்லாம் உண்டு. நிலத் தகராறு வரும்போது மட்டும் வெளியே எடுக்கப்படும் காகிதம் அது. அப்பாவுக்குப் புரியாமல் யாரிடமோ காசு கொடுத்து விளக்கம் கேட்கும் அந்தப் படத்தை, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஸ்கேல் வைத்துப் படித்துச் சொல்லிவிட முடியும், வகுப்பில் ஒரு முறை பழகியிருந்தால்.

கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கலாமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது பலருக்கும் நினைவிருக்கும். 2016 நவம்பரில் இடைக்காலத் தடை, 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடி. அந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் நியாயம் பேசியது. வேலைவாய்ப்பும் வேண்டும், பாசனமும் குடிநீரும் வேண்டும். வகுப்பறை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், தண்ணீர் எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது, அந்த இடத்துக்குக் கீழே எத்தனை அணைக்கட்டு, எந்தெந்த ஊர்க் குடிநீர்த் திட்டம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டுப் பேசும் பிள்ளையின் பேச்சுக்கும், டீக்கடையில் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பேச்சுக்கும் வித்தியாசம் இருக்கும். நாளைக்கு கிராம சபையில் கை தூக்கிப் பேசப் போவதும் அதே பிள்ளைதான்.

'இதுக்கெல்லாம் நேரம் எங்க சார்?'

ஆசிரியர்கள் கேட்கும் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சமூக அறிவியல் என்ற பெயரில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் ஒரே ஆசிரியர் நடத்துகிறார். அவர் வரலாறு படித்தவராக இருந்தால் சமவுயரக் கோடு அவருக்கே புதிது. மேல்நிலையில் புவியியல் பாடப்பிரிவு எல்லாப் பள்ளிகளிலும் கிடையாது. பத்தாம் வகுப்பில் ரிசல்ட் கேட்பார்கள். ஆற்றங்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற பயம் வேறு. சிற்றாற்றிலும் தாமிரபரணியிலும் ஆழம் தெரியாமல் இறங்கி உயிர் போன செய்திகளை வாசித்தவர்கள் இந்தப் பயத்தைச் சாக்கு என்று தள்ள முடியாது.

அதனால்தான் கேட்பது பெரிதாக இருக்கக் கூடாது. ஆண்டுக்கு நான்கு பீரியட். ஒன்றில் ஊர் வரைபடம், ஒன்றில் செயற்கைக்கோள் படம், ஒன்றில் நிழல், ஒன்றில் பெரியவர்களிடம் கேட்டு எழுதியது. ஆற்றில் இறங்கத் தேவையில்லை, பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம் நின்று பார்த்தாலே ஆற்றின் வளைவும் மணல் சேர்ந்த பக்கமும் தெரியும். இந்த நான்கு பீரியடும் பாடத்திட்டத்துக்கு வெளியே இல்லை. ஆறு, காலநிலை, மண், நிலவரைபடம் என்று புத்தகத்தில் இருப்பதற்கே உள்ளூர் உதாரணம். உள்ளூர் உதாரணத்தோடு படித்த பிள்ளைக்கு வெளியூர் உதாரணம் எளிதில் ஏறும். சிற்றாற்றின் கிளைகளைக் குறித்தவனுக்குக் கங்கையின் கிளைகளைக் குறிப்பது சிரமமாக இருக்காது.

இது முடியாத காரியமும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு 1980-களிலேயே உள்ளூரிலிருந்து தொடங்கும் சமூக அறிவியல் பாடங்களை அரசுப் பள்ளிகளில் நடத்திப் பார்த்தது. தாமிரபரணிப் பகுதியிலேயே, ஏட்ரீ நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம் 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு குளம் குளமாக நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது. எந்தக் குளம், எவ்வளவு தண்ணீர், எத்தனை பறவை என்று குறித்துவைப்பது புவியியல் களப்பணிதான். பெரியவர்களும் கல்லூரி மாணவர்களும் செய்வதைப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தில் சிறிய அளவில் செய்யலாம். கங்கைகொண்டான் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. 2013-ல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம் சுமார் 288 ஹெக்டேர்தான். பக்கத்தில் நெடுஞ்சாலை, ரயில் பாதை, தொழிற்பேட்டை. மான் எங்கே சாலையைக் கடக்கும் என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்து யோசிப்பது, எந்தப் பாடநூலிலும் இல்லாத நல்ல கேள்வி.

என்ன செய்யலாம்?

அரசு செய்ய வேண்டியது ஒன்று. ஒவ்வொரு பள்ளிக்கும் அந்த ஊரின் வரைபடப் பை ஒன்று கொடுக்கலாம். அதில் நான்கு தாள் போதும்: பள்ளியை நடுவில் வைத்த 1:50,000 நிலவரைபடம், கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடத்தின் நகல், கோடையில் ஒன்றும் மழைக்காலத்தில் ஒன்றுமாக எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்கள். இவை எல்லாமே ஏற்கெனவே அரசுத் துறைகளிடம் இருப்பவை. புதிதாக அளக்க வேண்டியதில்லை, அச்சடித்து அனுப்பினால் போதும். நெட் இல்லாத நாளிலும் தாள் வேலை செய்யும். திறன் பலகைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

தேர்வுத் துறை செய்ய வேண்டியது இன்னொன்று. பொதுத்தேர்வில் இடங்களைக் குறிக்கும் கேள்வி இருக்கட்டும். அதோடு, முன்பின் பார்த்திராத ஒரு சிறு நிலவரைபடத்தைக் கொடுத்து, 'ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது? வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும்? பள்ளிக்கூடம் கட்ட எந்த இடம் நல்லது?' என்று கேட்கட்டும். கேள்வித்தாள் மாறினால் வகுப்பறை தானாக மாறும். இந்த ஊர் யதார்த்தம் அதுதான்.

ஆசிரியர் பயிற்சியில் செயலியை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் பாதியை, செயலியில் தெரியும் படத்தை எப்படிக் கேள்வியாக்குவது என்பதற்கு ஒதுக்கலாம். செயற்கைக்கோள் படத்துக்கும் தேதி உண்டு, அது நேற்று எடுத்தது இல்லை என்பதும், செல்போன் வரைபடத்தில் ஊர்ப் பெயரும் பாதையும் தவறாக இருக்கக்கூடும் என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் பிள்ளைக்குத் தெரியும். தவறு கண்டுபிடித்தால் திருத்தலாம் என்பதும் சேர்த்தே சொல்ல வேண்டியது.

இவை எதுவும் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலை முதல் பீரியடில், கங்கைகொண்டானிலோ வேறு எந்த ஊரிலோ, ஓர் ஆசிரியர் கரும்பலகையில் பள்ளியை ஒரு கட்டமாக வரைந்து, வடக்கு எது என்று அம்புக்குறி போட்டு, 'மிச்சத்தை நீங்க வரைங்க' என்று சாக்பீஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். ஆறு எந்தப் பக்கம் என்று இரண்டு பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க வரைபடம் தேவைப்படும். அப்போது திரையை இயக்கினால் போதும்.